எட்ட நின்று எடுக்கும் லென்ஸ்

நான் அரசு மகளிர் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியை. பள்ளி குன்றாண்டார்கோவில் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறது, வீடு புதுக்கோட்டையில். படம் எடுப்பதில் எனக்கு எந்த ஆர்வமும் இருந்ததில்லை. கல்யாண வீட்டில் போட்டோகிராபர் "இங்கிட்டுப் பாருங்க" என்றால் பார்ப்பேன், பிறகு சாப்பிடப் போய்விடுவேன். அப்படிப்பட்டவள் வீடியோ வீடியோவாகப் பார்த்து, கடை ஏறி இறங்கி, ஒரு டெலிபோட்டோ லென்ஸ் வாங்கினேன் என்றால் அதற்குக் காரணம் ஆசை இல்லை. ஆத்திரம். அது இன்னும் அடங்கவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்த ஒரு பெண் நன்றாக நீளம் தாண்டுவாள். ஒல்லியான உடம்பு, நீளமான கால்கள், பேச்சு குறைவு. அவள் அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அம்மா கடலைக் கொல்லை வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர். பள்ளிக் கட்டடத்துக்குப் பின்னால் சீமைக் கருவேலத்தை வெட்டி, பிள்ளைகளும் நானுமாகக் குழி தோண்டி, வகுப்பறை கட்டியபோது மிஞ்சிக் கிடந்த மணலைக் கொட்டி ஒரு தாண்டும் குழி செய்திருந்தோம். அதில்தான் அவள் பழகினாள். அந்த வருடம் அக்கம்பக்கத்துப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டியில் முதல் இடம் வந்தாள். இரண்டாவதாக வந்த பெண்ணை விட ஒரு முழம் அதிகம். அளவு நாடாவைப் பிடித்திருந்த ஆசிரியர் நம்ப முடியாமல் இன்னொரு தடவை அளந்தார்.

அன்று மைதானத்தில் ஒருவர் பெரிய லென்ஸ் மாட்டிய கேமராவோடு சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து ஊரில் ஸ்டுடியோ வைத்திருப்பவர். உள்ளூர்ச் செய்திகளைப் போடும் பேஸ்புக் பக்கம் ஒன்றும் நடத்துகிறார். போட்டி நடத்தியவர்களே அவரைத் தடுப்புக் கயிற்றுக்கு உள்ளே விட்டிருந்தார்கள். நம் பிள்ளைகளின் படமும் நாலு பேர் கண்ணில் படட்டும் என்றுதான் நான் நினைத்தேன்.

மறுநாள் காலை இறைவணக்கம் முடியும் முன்பே அந்தப் பெண்ணின் அப்பா பள்ளி வாசலில் வந்து நின்றார். கையில் போனை நீட்டிப் பிடித்திருந்தார்.

"டீச்சர், இது எம்புள்ளதானே, பாருங்க."

பார்த்தேன். அவள் தாண்டி முடித்து மணலில் விழுந்த நொடி அது. வாய் கோணி, கண் பாதி மூடி, கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாக, முகமெல்லாம் மணல். மேலே 'தங்க மங்கை தரையிறங்கினார்' என்று ஒரு வரி, அதை ஒட்டி வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள். கீழே கமெண்ட்டுகள். எழுதியவர்கள் எங்கோ இருப்பவர்கள் இல்லை. ஊர்க்காரர்கள், எங்கள் பள்ளிக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பவர்கள். அவள் நிறத்தைப் பற்றி, பல்லைப் பற்றி, நான் இங்கே எழுத விரும்பாத இன்னும் சிலதைப் பற்றி எழுதியிருந்தார்கள். அவள் ஜெயித்தாள் என்று ஒருவர்கூட எழுதவில்லை.

"ஆட்டோ ஸ்டாண்டுல என்னையக் கூப்பிட்டுக் காட்டுறாய்ங்க டீச்சர். காட்டிட்டு, எம்மொகத்தப் பாத்துச் சிரிக்கிறாய்ங்க." அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இதுக்கா நான் அனுப்புனேன்? இனிமே அது வெளையாட்டுக்கு வராது. தப்பா நெனைக்காதீங்க."

"அவ முதல் இடம் வந்துருக்கா. அடுத்தாப்புல மாவட்டப் போட்டி இருக்கு."

"வந்து என்னங்க செய்யிறது. படிக்கட்டும், போதும்."

அவர் போன பிறகு அவளைத் தேடினேன். வகுப்பில் கடைசி வரிசையில், புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டேன், எழுந்து வந்தாள், புத்தகத்தை இறக்காமலே நின்றாள்.

அன்று மதியமே அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு அந்த ஸ்டுடியோவுக்குப் போனேன். என் வயதுதான் இருக்கும் அந்த ஆளுக்கு. "வாங்க மேடம், உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்தார். நான் உட்காரவில்லை.

"அது ஆக்‌ஷன் ஷாட் மேடம். ஸ்போர்ட்ஸ்னா அப்படித்தான் வரும். நிக்க வச்சா எடுக்க முடியும்?"

"அவ நல்லாத் தாண்டுன படம் ஒண்ணுகூட ஒங்ககிட்ட இல்லையா?"

"இருக்கும். ஆனா இதுக்குத்தானே லைக் வருது. நான் என்ன செய்யட்டும் சொல்லுங்க."

"அந்தப் படத்தப் பேஜுலேருந்து எடுங்க. எம்முன்னாடி எடுங்க."

எடுத்தார். ஒரு தடங்கலும் இல்லாமல், கட்டைவிரலால் இரண்டு தட்டு தட்டி எடுத்தார். "எடுத்தாச்சு மேடம். ஏற்கெனவே நெறைய பேரு அவங்கவங்க குரூப்புல போட்டுட்டாங்க, அதுக்கு நான் பொறுப்பில்ல." நான் படி இறங்கும்போது பின்னாலிருந்து சொன்னார்: "லென்ஸ் வச்சிருக்கவன் எடுக்கத்தான் செய்வான் மேடம். ஒங்க புள்ளைங்க அழகா வரணும்னா நீங்களே ஒண்ணு வாங்கி எடுத்துக்கங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பள்ளியிலாவது எனக்குத் துணை கிடைக்கும் என்று நினைத்தேன். தலைமையாசிரியை நல்லவர்தான், ஆனால் பிரச்சினை என்றால் கதவைச் சாத்திக்கொள்ளும் நல்லவர். "பொம்பளப் புள்ளைங்க விஷயம் டீச்சர். போட்டோ எடுக்குற எடத்துக்கு அனுப்பலைன்னா பிரச்சினையே இல்லையே. செஸ், கேரம்னு உள்ள வச்சு வெளையாடுற மாதிரிப் பாத்துக்கங்களேன்" என்றார்.

அன்று மாலை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன். படம் போட்டவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அவன் கடை திறந்தே இருக்கிறது. சிரித்தவர்கள் நாளைக்கும் அதே டீக்கடையில் உட்காருவார்கள். ஒழுங்காக ஓடி, ஒழுங்காகத் தாண்டி, ஜெயித்தவள் மட்டும் வீட்டில் இருக்க வேண்டும். எல்லோரும் ஒன்றாகப் பேசி வைத்துக்கொண்டதுபோல அதையேதான் சொன்னார்கள். கீரனூர் தாண்டியபோது முடிவு செய்தேன். அந்த ஆள் சிரித்துக்கொண்டு சொன்னதைச் செய்துவிடுவது என்று.

வீட்டு பீரோவில் ஒரு டி.எஸ்.எல்.ஆர் கேமரா இருந்தது. பையன் பிறந்தபோது சிங்கப்பூரிலிருந்து என் தம்பி கொண்டுவந்தது. நாலைந்து பிறந்தநாளுக்கு எடுத்தோம். பிறகு எல்லாம் போனில்தான். பேட்டரியை சார்ஜ் போட்டுப் பார்த்தேன், உயிர் இருந்தது. பள்ளிக்குக் கொண்டுபோய், போட்டியில் கயிறு கட்டும் தூரத்தில் நின்று, பிள்ளைகளைத் தாண்டச் சொல்லி எடுத்தேன். படத்தில் மண்ணும் வானமும் பள்ளிச் சுவரும் நன்றாக வந்திருந்தன. பிள்ளை கட்டைவிரல் அளவுக்கு நடுவில் இருந்தாள்.

என் கணவர் மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். படத்தைப் பார்த்துவிட்டு, "கிட்டப் போயி எடுக்க வேண்டியதுதானே" என்றார்.

"கிட்டப் போனா குழிக்கு முன்னாடி நிக்கணுங்க. ஓடி வர்ற புள்ள கண்ணுல நான் பட்டேன்னா எம்பித் தாண்டுற பலகையில கால் தப்பிரும். எட்ட நின்னு எடுக்கணும்."

"அப்ப பெரிய லென்ஸ் வேணும். அதெல்லாம் நம்ம வாங்குற வெலையிலயா இருக்கு?"

அதைத்தான் தேடத் தொடங்கினேன். வீடியோக்களில் எல்லோரும் ஆண்கள். எல்லோரும் 'பட்ஜெட் லென்ஸ்' என்று ஆரம்பித்து, என் சம்பளத்தில் நான் கனவுகூடக் காண முடியாத ஒன்றில் போய் முடித்தார்கள். செங்கல் சுவரைப் படம் எடுத்து, அதைப் பெரிதாக்கி, மூலையில் தெளிவு போதவில்லை என்று வருத்தப்பட்டார்கள். எனக்குச் செங்கல் சுவர் எதற்கு? தமிழில் ஒரு போட்டோகிராபி குழுவில் என் பெயரிலேயே கேள்வி போட்டேன்: பகல் வெளிச்சத்தில், தூரத்தில் ஓடும் பிள்ளைகளை எடுக்க, விலை குறைந்த ஜூம் லென்ஸ் எது? 'போனே போதும் சிஸ்டர்' என்று ஒருவர். 'முதலில் வெளிச்ச அளவு, வேகம் எல்லாம் கற்றுக்கொண்டு வாருங்கள்' என்று ஒருவர். 'வீட்டுக்காரருக்கா?' என்று ஒருவர். அதே குழுவில் அதே வாரம் ஒரு ஆண் அதே கேள்வியைக் கேட்டார். அவருக்கு வரிவரியாகப் பதில் சொல்லியிருந்தார்கள். என் ஆத்திரத்தோடு ஆத்திரமாக அந்தப் பதில்களை எல்லாம் படித்து எடுத்துக்கொண்டேன்.

படித்ததில் விளங்கியது இவ்வளவுதான். லென்ஸின் மேல் எழுதியிருக்கும் மில்லிமீட்டர் எண் பெரிதாகப் பெரிதாக, தூரத்தில் இருப்பது கிட்டே வரும். இன்னொரு எண் சிறிதாகச் சிறிதாக, வெளிச்சம் அதிகமாக உள்ளே போகும். இரண்டும் சேர்ந்து வேண்டும் என்றால்தான் விலை எங்கேயோ போகிறது. எங்கள் போட்டிகள் நடப்பது புதுக்கோட்டை வெயிலில். வெளிச்சத்துக்கு இங்கே என்ன பஞ்சம்? ஆக, எனக்கு வேண்டியது இருநூற்றைம்பது, முந்நூறு வரை எட்டுகிற, ஓடுகிறவளைச் சட்டென்று பிடித்துக் கூர்மையாக்குகிற சாதாரண லென்ஸ். கை நடுக்கத்தைத் தாங்கும் வசதியும் இருந்தால் நல்லது, நான் முக்காலி ஸ்டாண்டு போட்டு எடுக்கப்போவதில்லை.

புதுக்கோட்டையில் கேட்ட கடையில் ஆர்டர் கொடுத்தால்தான் வரும், வந்தால் வாங்கியே ஆக வேண்டும் என்றார்கள். அதனால் ஒரு சனிக்கிழமை நானும் கணவரும் திருச்சிக்குப் போனோம். கேமரா என் தோளில். கேள்வி கேட்டது நான். விற்பனையாளர் பதில் சொன்னது என் கணவருக்கு.

"சார் என்ன மாதிரி போட்டோகிராபி பண்றீங்க?"

"எனக்கில்லைங்க, அவங்களுக்கு" என்றார் இவர்.

"ஓ, மேடத்துக்கா. பூவு, பறவை மாதிரியா?"

"லாங் ஜம்ப்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. திரும்பவும் என் கணவரைப் பார்த்தார். "மேடத்துக்கு வெயிட்டு இல்லாமப் பாத்துக்குவோம் சார்" என்றார். நான் குண்டு எறியப் பழக்குகிறவள், கூடையில் இரும்புக் குண்டுகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறவள் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "இருக்கறதுலயே கொறஞ்ச வெலையில மூணு எடுத்து வைங்க. நான் வாசல்ல நின்னு எடுத்துப் பாக்கணும்" என்றேன்.

முதலில் முந்நூறு வரை போகும் ஒன்றைக் கொடுத்தார். மூன்றிலும் அதுதான் விலை குறைவு. கடை வாசலில் நின்று, சாலையில் திரும்பும் டவுன் பஸ்ஸைக் குறி வைத்தேன். லென்ஸ் கர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் ஓடியது. அது பஸ்ஸைக் கண்டுபிடித்தபோது பஸ் போய்விட்டது. கை நடுக்கத்துக்கும் அதில் ஒன்றும் கிடையாது. "ஸ்டாண்டு வாங்கிக்கிட்டா சரியாப் போயிரும்" என்றார். ஸ்டாண்டுக்கு ஓடுகிற பிள்ளையை நிறுத்தத் தெரியுமா?

அடுத்தது பழைய லென்ஸ், யாரோ கொடுத்துவிட்டுப் போனது. பெரிய லென்ஸ், நல்ல பெயர் உள்ளது என்று உள்ளேயிருந்து பவ்வியமாகக் கொண்டுவந்தார். நான் போனில் டார்ச்சைப் போட்டு ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பார்த்தேன். கண்ணாடிக்குள் ஓரமாகச் சிலந்தி நூல்போல வெள்ளையாகப் படர்ந்திருந்தது. பூஞ்சணம்.

"இது என்னங்க?"

அவர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "அது படத்துல தெரியாது மேடம்."

"இப்பத் தெரியாது. வளந்தாத் தெரியும். சொல்லாமத் தலையில கட்டப் பாக்குறீங்க."

"சார், மேடம் ரொம்பக் கோவப்படுறாங்க" என்றார் என் கணவரிடம். இவர் அமைதியான மனிதர். அன்றைக்குத்தான் அவர் குரல் கொஞ்சம் ஏறிக் கேட்டேன். "அவங்ககிட்டயே பேசுங்க. எனக்கு லென்ஸப் பத்தி ஒண்ணும் தெரியாது" என்றார்.

மூன்றாவதை விற்பனையாளர் ஆர்வமில்லாமல்தான் எடுத்துக் கொடுத்தார். இருநூற்றைம்பது வரைதான் எட்டும். உடம்பு பிளாஸ்டிக், கையில் எடுத்தால் பொம்மை மாதிரி இருந்தது. ஆனால் சத்தம் இல்லை. அடுத்த பஸ் திரும்பியபோது படியில் தொங்கிய கண்டக்டரைப் பிடித்தேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் அவர் விசிலின் நூல்கூடத் தெரிந்தது. இன்னும் இரண்டு பஸ், ஒரு ஸ்கூட்டர், ஒரு நாய். நாய் மட்டும் தவறிவிட்டது. இதையே போடுங்க என்றேன். பில் போடும்போது அவர் பெயர் கேட்டார். என் கணவரிடம் கேட்டார்.

திங்கட்கிழமையிலிருந்து பள்ளியில் படம் எடுத்துப் பழகினேன். முதலில் எல்லாம் கலங்கலாக வந்தன. கேமராவின் வேகத்தைக் கூட்ட வேண்டும், வெயில் என் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும், பிள்ளை ஓடத் தொடங்கும்போதே லென்ஸும் அவளோடு ஓட வேண்டும் என்பதெல்லாம் மெல்ல மெல்லப் பிடிபட்டது. பிறகு பட்டனை அமுக்கிப் பிடித்தால் வரிசையாகப் படங்கள் விழும் முறைக்கு மாறினேன்.

அங்கேதான் என் கோபம் இரண்டு மடங்கானது. ஒரு தாண்டலை அப்படி எடுத்துவிட்டு, ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். பலகையை மிதிக்கும் படம், எழும்பும் படம், இரண்டு கையும் மேலே போய் உடம்பு வில்லாக வளைந்து நிற்கும் படம், கால்களை முன்னால் நீட்டும் படம், எல்லாம் இருந்தன. விழும் படமும் இருந்தது, கடைசியில் ஒன்றோ இரண்டோ. யார் தாண்டினாலும் அப்படித்தான், யார் முகமும் அந்த நொடியில் கோணும். அப்படியென்றால் அந்த ஆளிடமும் இதெல்லாம் இருந்திருக்கிறது. அவள் காற்றில் நின்ற படங்கள் எல்லாம் அவர் கம்ப்யூட்டரில் இருந்திருக்கின்றன. உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, அவற்றையெல்லாம் தள்ளிவிட்டு, அந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஆக்‌ஷன் ஷாட், தானாக வருவது என்று என்னிடம் சொன்னது பொய். மைதானத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு அந்த ஆளை வாய்விட்டுத் திட்டினேன். பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள்.

நல்ல படங்கள் சிலவற்றை பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலில் கடலைச் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார். அப்பா அப்போதுதான் ஆட்டோவை நிறுத்தியிருந்தார். படங்களைப் பாயில் பரப்பினேன். அவளோடு தாண்டிப் பழகும் மற்ற பிள்ளைகளின் படங்கள். அவள் படம் ஒன்றும் இல்லை, அவள்தான் தாண்டவில்லையே.

"யாரு எடுத்தது டீச்சர்?" என்றார் அம்மா.

"நாந்தான்."

"நீங்களா?" என்று சொல்லி, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்துப் பார்த்தார். அது பக்கத்துத் தெருப் பெண். "இவளா இப்படிப் பறக்குறா?"

அப்பா தள்ளியே நின்றார். "ஒங்களச் சொல்லலங்க. நாளைக்கு அங்க எவன் நிப்பான், எப்படி எடுப்பான்னு யாருக்குத் தெரியும்? மறுபடியும் எவனாச்சும் கொண்டாந்து காட்டுனா நான் என்ன செய்வேன்?"

அதுவரை கதவருகே நின்ற பெண் பேசினாள். "விழாம எப்பிடிப்பா தாண்டுறது? எல்லாருந்தான் விழுவாங்க."

அம்மாவும் சேர்ந்துகொண்டார்: "அந்தப் படத்தப் பாத்ததுலேருந்து புள்ள நம்ம மொகத்தப் பாக்கல. அவன் செஞ்சதுக்கு இத எதுக்கு அடைச்சு வைக்கிறீங்க? பயமா இருந்தா நீங்களும் கூடப் போங்க."

அவர் குனிந்து பாயிலிருந்து ஒரு படத்தைக் கையில் எடுத்தார். "சரி, போட்டி அன்னைக்கு வண்டி ஓட்டலை. நானும் வாரேன்" என்றார்.

மாவட்டப் போட்டி புதுக்கோட்டை விளையாட்டரங்கில் நடந்தது. போனதும் பொறுப்பாளரிடம் போய்க் கேட்டேன். அவர் பல வருட அனுபவம் உள்ள உடற்கல்வி ஆசிரியர்.

"சார், எங்க புள்ளைங்களப் படம் எடுக்கணும். உள்ள நிக்க பாஸ் குடுங்க."

"பிரஸ்ஸுக்கு மட்டுந்தாம்மா. டீச்சர்ஸெல்லாம் கயித்துக்கு அங்கிட்டு."

அவருக்குப் பின்னால் அதே ஸ்டுடியோ ஆள், கழுத்தில் பாஸோடு நின்றுகொண்டிருந்தார்.

"அவரு பிரஸ்ஸா சார்?"

"பேஜ் வச்சிருக்காருல்ல."

நடந்ததைச் சொன்னேன். காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளாமல், மைக்கைக் கையில் எடுத்து நூறு மீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் இடம் பிடித்தேன். லென்ஸ் அங்கிருந்து நன்றாக எட்டியது, அதற்காகத்தானே வாங்கினேன். அவள் அப்பா என் பக்கத்தில் நின்றார். ஆளுக்கு மூன்று வாய்ப்பு. அவள் பெயர் வந்தது. ஓடுபாதையின் முனையில் நின்று நிமிர்ந்து பார்த்தாள். குழியின் அந்தப் பக்கம், அவளுக்கு நேர் எதிரே, அந்த ஆள் மணலை ஒட்டித் தரையில் படுத்துக்கொண்டு லென்ஸை நீட்டியிருந்தார்.

அவள் ஓடி வந்தாள். கடைசி இரண்டு எட்டில் தலை தாழ்ந்தது. கால் பலகையைத் தாண்டி விழுந்தது, அது செல்லாது. சிவப்புக் கொடி.

இரண்டாவது முறை அவள் தாண்டவே இல்லை. பலகை வரை ஓடிவந்து, அப்படியே மணலுக்குள் ஓடி, அந்தப் பக்கம் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றுவிட்டாள். மறுபடியும் சிவப்புக் கொடி.

"அவன்தானே டீச்சர்?" என்றார் அப்பா.

"ஆமா."

அவர் குனிந்து கயிற்றைத் தூக்கினார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். "நீங்க போனா அடிதடியாப் போயிரும். அப்புறம் அவளத்தான் வெளிய அனுப்புவாங்க. நான் போறேன், இருங்க."

கயிற்றைத் தாண்டி நேராக நடந்தேன். அந்த ஆளின் லென்ஸுக்கு முன்னால் போய் நின்றேன்.

"மேடம், ஓரமாப் போங்க. ஃபிரேமுக்குள்ள வாறீங்க."

"அதுக்குத்தான் வந்துருக்கேன். எந்திரிங்க."

"பாஸ் இருக்கு எனக்கு."

"இருக்கட்டும். எந்திரிச்சு அங்கிட்டுப் போங்க. நீங்க போற வரைக்கும் நான் நகர மாட்டேன்."

மைக்கில் பொறுப்பாளர் குரல் வந்தது: "உள்ள நிக்கிற டீச்சர் உடனடியா வெளிய வாங்க." இரண்டாம் தடவையும் வந்தது. நான் நின்றேன். அப்போது அறந்தாங்கி பக்கத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர், முகப் பழக்கம் மட்டும் உள்ளவர், கையில் இருந்த அளவு நாடாவோடு வந்து என் பக்கத்தில் நின்றார். "என்ன பிரச்சினை?" என்றார். சொன்னேன். "எங்க புள்ளையையும் போன வருசம் இப்படித்தான் போட்டான்" என்றார். இன்னும் இரண்டு ஆசிரியைகள் வந்தார்கள். நால்வரும் சேர்ந்து நின்றதும் அந்த ஆள் எழுந்து சட்டையைத் தட்டினார். "எனக்கென்ன, வேற ஈவென்ட்டே இல்லையா" என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்.

மூன்றாவது வாய்ப்பு. குழிக்குப் பக்கவாட்டில் ஒதுங்கித் திரும்பினேன். அவள் ஓடி வந்து, மிதித்து, எழும்பினாள். வெள்ளைக் கொடி. என் கேமரா மூடிகூடக் கழற்றாமல் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அது அவளுடைய நல்ல தாண்டல் இல்லை. பயந்து பயந்து, பலகைக்கு ரொம்ப முன்னாலேயே காலை எடுத்துவிட்டாள். எங்கள் பள்ளிக் குழியில் அதைவிடச் சுலபமாக அதிகம் தாண்டுவாள். மூன்றாம் இடம் வந்தாள். முதல் இரண்டு பேர்தான் மாநிலப் போட்டிக்கு. இடையூறு இருந்தது, இன்னொரு வாய்ப்பு தர வேண்டும் என்று முறைப்படி எழுதிக் கொடுத்தேன். போட்டோகிராபர் இருப்பது இடையூறு ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். டீச்சர் குறுக்கே நின்றதுதான் இடையூறு என்றார் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

வெளியே வந்ததும் அவள் அப்பா எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். மகள் தலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார். "அடுத்த வருசமும் தாண்டட்டும் டீச்சர். அவன் வரட்டும், நானும் வாரேன்" என்றார். முதல் தடவையாக அவர் கோபம், சேர வேண்டிய ஆளின் மேல் சேர்ந்திருந்தது. அன்று முழுவதும் எனக்குக் கிடைத்த நல்லது அது ஒன்றுதான்.

அடுத்த வாரம் கல்வி அலுவலகத்திலிருந்து எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அனுமதியின்றிப் போட்டிப் பகுதிக்குள் நுழைந்தது ஏன்? தலைமையாசிரியை அதை என் மேஜையில் வைத்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். மேற்கொண்டு ஒன்றும் வரவில்லை. அந்த ஆளிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

அடுத்த வருடம் அவள் மாவட்டத்தில் இரண்டாவதாக வந்தாள். மாநிலப் போட்டிக்குப் போனாள். அங்கே இடம் எதுவும் வரவில்லை; அவளைவிட நல்ல குழியில், நல்ல ஷூவோடு பழகிய பிள்ளைகள் இருந்தார்கள். இப்போது டவுன் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், இன்னும் தாண்டுகிறாள். நான் எல்லாப் போட்டிகளுக்கும் கேமரா கொண்டுபோகிறேன். எடுத்த படங்களைப் பிள்ளைகளிடமே காட்டுவேன். அவர்கள் வேண்டாம் என்றால் அங்கேயே அழித்துவிடுவேன். மற்றப் பள்ளி ஆசிரியைகளும் தங்கள் பிள்ளைகளை எடுக்கச் சொல்லிக் கேட்கிறார்கள், எடுக்கிறேன். எல்லாம் கயிற்றுக்கு வெளியே நின்றுதான். எனக்கு இன்னும் பாஸ் தரவில்லை. அந்த ஆளுக்கு வருடா வருடம் தருகிறார்கள்.

உடற்கல்வி ஆசிரியர்கள் கூட்டம் நடக்கும்போதெல்லாம் எழுந்து கேட்கிறேன். பெண் பிள்ளைகளின் போட்டியில் யாரை உள்ளே விடுவது, எடுத்த படத்தை யார் சம்மதத்தோடு வெளியிடுவது என்று ஒரு விதி எழுதுங்கள் என்கிறேன். போன கூட்டத்திலும் கேட்டேன். "பாக்கலாம்மா, உக்காருங்க" என்றார் தலைமை வகித்தவர்.

"போன தடவையும் பாக்கலாம்னுதான் சார் சொன்னீங்க. என்ன பாத்தீங்கன்னு சொல்லுங்க, உக்காந்துக்கிறேன்" என்றேன்.

முன்வரிசையில் இருந்தவர்கள் போனைப் பார்க்கக் குனிந்தார்கள். நான் உட்காரவில்லை. அறந்தாங்கி டீச்சரும் எழுந்து நின்றார்.